அனுபவம் கூலி ஆகாது

அமெரிக்காவில் பொதுவாக 250 மணி நேரம் பறந்தவருக்கு வணிக விமானி உரிமம் கிடைக்கும். விமான நிறுவனங்களின் பயணிகள் விமானத்தை ஓட்டப் பொதுவாக 1,500 மணி நேரம் வேண்டும். இடைப்பட்ட காலத்தில் இளம் விமானிகள் கடற்கரைக்கு மேல் விளம்பரப் பதாகை இழுக்கிறார்கள். புதியவர்களுக்குப் பறக்கக் கற்றுத் தருகிறார்கள். தலைக்கு மேல் பயிற்சிக் கடன். பறக்கும் நேரம் சேர்ந்தால் போதும் என்று அற்பச் சம்பளத்துக்கும் சம்மதிக்கிறார்கள்.

சம்பளக் கேள்வி பாதுகாப்புக் கேள்வியும்கூட. 2009-இல் அமெரிக்காவின் பஃபலோ நகர் அருகே பயணிகள் விமானம் விழுந்து 50 பேர் இறந்தனர். அதன் துணை விமானி, முந்தைய இரவு சியாட்டிலிலிருந்து நாட்டின் மறுகோடிக்குப் பயணம் செய்து பணிக்கு வந்தவர். அவருடைய குறைந்த சம்பளமும் களைப்பும் விசாரணையில் பேசப்பட்டன.

கற்கும் காலத்து உழைப்பும் உழைப்புதான். அனுபவத்தைக் காட்டிக் கூலியைக் குறைக்காதீர்கள். வயிறார உண்டு, நிம்மதியாகத் தூங்கி எழுந்த விமானியே பயணிகளுக்குப் பாதுகாப்பு.