கடலுக்குக் கீழ்த்துறை உண்டா?

ஆற்றில் துறை வகுத்து வாழ்ந்தவன் தமிழன். குடிநீர் முகக்கும் துறை மேலே. குளிக்கும் துறை அதற்குக் கீழே. ஆடுமாடுகளைக் குளிப்பாட்டும் துறை அதனினும் கீழே. மேல்துறையில் இறங்கியவன், கீழ்த்துறையில் குடம் ஏந்தி நிற்பவளை எண்ணிப் பார்த்தான். அவ்வெண்ணமே அவனுக்குச் சட்டமாயிற்று. ஆனால், ஆறு கடலிற் கலந்த பின்னர் மேல்துறை ஏது? கீழ்த்துறை ஏது? குடம் ஏந்தி நிற்போர் எவரும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நீரைக் கெடுப்பது குற்றமாகுமா? எண்ணெய்க் கப்பல்களை வடிவமைக்கும் பொறியாளர் முன் இன்று நிற்கும் அறக் கேள்வி இதுவே. அதற்கான விடையைத் தேடக் கடலுக்குச் செல்லுமுன் வடசிலாங்கூரின் மலையடிவாரத்திற்குச் செல்வது நலம்.

கோலா குபு பாரு என்னும் ஊரின் பெயரில் உள்ள ‘பாரு’ என்னும் மலாய்ச் சொல்லுக்குப் ‘புதிய’ என்பது பொருள். புதிய ஊர் என்றால் பழைய ஊர் ஒன்று இருந்திருத்தல் வேண்டுமன்றோ? 1883ஆம் ஆண்டில் அங்கிருந்த பழைய அணை உடைந்து பெருவெள்ளம் ஊரை அழித்தது. மாவட்ட அதிகாரியாயிருந்த செசில் ரேங்கிங் என்னும் ஆங்கிலேயரும் அதில் உயிர்நீத்தார். ‘அம்பாங் பெச்சா’, அதாவது உடைந்த அணை, என்னும் இடப்பெயர் இன்றும் அந்நிகழ்ச்சிக்குச் சான்று பகர்கின்றது. எனினும், ஊரை இறுதியாக இடம் பெயரச் செய்தது அணையன்று, மணல். மலைப்பகுதியின் ஈய லம்பங்களிலிருந்து கழுவி விடப்பட்ட மணலும் சேறும் ஆண்டாண்டாகச் சிலாங்கூர் ஆற்றின் படுகையை உயர்த்தின. ஆறு உயர்ந்தது, ஊர் தாழ்ந்தது. 1926ஆம் ஆண்டின் வெள்ளத்திற்குப் பின் அங்கே இனி வாழவியலாது என்பது உறுதியாயிற்று. 1930களின் தொடக்கத்தில் மக்கள் மேட்டு நிலத்தில் அமைந்த புதிய நகரில் குடியேறினர்.

இவ்வரலாற்றில் குற்றவாளி யார்? அணை உடைந்தால் அணையைக் குறை கூறலாம். மணலுக்கு யாரைக் குறை கூறுவது? எந்த ஒரு லம்பமும் தனியே நின்று அவ்வூரை அழிக்கவில்லை. ஒவ்வொருவனும் சிறிதளவு மணலையே ஆற்றில் விட்டான். ‘இவ்வளவு பெரிய ஆற்றுக்கு இந்தச் சிறு மணல் எம்மாத்திரம்?’ என்று ஒவ்வொருவனும் எண்ணியிருப்பான். தனித்தனியே நோக்கின் அவ்வெண்ணம் பொய்யுமன்று. ஆயினும், பொய்யல்லாத அச்சிறு எண்ணங்கள் யாவும் ஒன்றுகூடி ஓர் ஊரையே பெயர்த்துவிட்டன.

இனிக் கடலுக்குச் செல்வோம். சபாக் கடலில் 1,300 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் உள்ள கிக்கே என்னும் வயலில் 2007ஆம் ஆண்டு எண்ணெய் எடுக்கத் தொடங்கினர். மலேசியாவின் முதல் ஆழ்கடல் வயல் அதுவே. இத்தகைய இடங்களில் கடல்மேல் நங்கூரமிட்ட பெருங்கப்பலே ஆலையாகவும் கிடங்காகவும் விளங்குகின்றது. நிலத்தடியிலிருந்து எண்ணெய் மட்டும் வருவதில்லை. வாயுவும் உப்புநீரும் உடன் வருகின்றன. வயல் இளமையாயிருக்குங்கால் நீர் குறைவு; முதுமை எய்த எய்த எண்ணெய் குறைந்து நீர் பெருகும். முதிர்ந்த வயல்களில் ஒரு பீப்பாய் எண்ணெய்க்குப் பல பீப்பாய் நீர் வெளிவருதலும் உண்டு.

அந்நீரிலிருந்து எண்ணெயைப் பிரிப்பது எளிய செயலன்று. பெரிய துளிகள் விரைவில் மேலே மிதக்கும். துளியின் விட்டம் பாதியானால் அது மேலெழும் வேகம் நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். ஆதலால், முதலில் பெருங்கலன்களில் நீரைத் தங்க வைக்கின்றனர். பின்னர், குறுகிய குழாய்களுக்குள் அதைச் சுழல விடுகின்றனர். கனமான நீர் ஓரத்திற்கும் இலேசான எண்ணெய் நடுவிற்கும் ஒதுங்குகின்றன. எஞ்சிய நுண்துளிகளை வாயுக் குமிழிகளில் ஒட்டச் செய்து நுரையாக வழித்தெடுக்கின்றனர். இவையனைத்தும் அலையில் ஆடும் தளத்தில், ஒவ்வொரு டன் எடைக்கும் கணக்குப் பார்க்கும் இடத்தில் நடைபெற வேண்டும். இத்தனைக்குப் பின்னரும் சிறிதளவு எண்ணெய் நீரில் எஞ்சும். கரைந்து கலந்துவிட்ட சில பொருள்களோ இம்முறைகளுக்குப் பெரிதும் அகப்படுவதில்லை.

எஞ்சியதற்கு வரம்பு வகுத்துள்ளனர். வடகிழக்கு அட்லாண்டிக் கடலில் ஒரு லிட்டர் நீருக்கு 30 மில்லிகிராம் எண்ணெய் என்பது வரம்பு. அமெரிக்காவில் மாதச் சராசரி 29. ஒரு நாளின் உச்சம் 42. சிறிய அளவுதான். ஆனால், ஒரு கப்பல் நாளொன்றுக்கு 10,000 கனமீட்டர் நீரை அவ்வரம்பிலேயே கடலில் விடுகின்றது எனக் கொள்வோம். நாளொன்றுக்கு 300 கிலோ எண்ணெய்; ஆண்டொன்றுக்கு நூறு டன்னுக்கும் மேல்! அக்கப்பல் எந்த விதியையும் மீறவில்லை என்பதை ஈண்டு நினைவிற் கொள்ளல் வேண்டும்.

‘கடல் பெரிது, இது கடலில் கரைத்த பெருங்காயம்’ என்று சிலர் மொழிவர். இவ்வாதத்தை எளிதில் ஒதுக்கிவிடலாகாது. பரப்பும் ஆழமும் மிக்க நீரில் கழிவு விரைந்து நீர்த்துப் போவது அறிவியல் உண்மையே. மேலும், ஒரு துளியும் படலாகாது என்றால் உலகில் எவரும் துணி துவைக்கவும் இயலாது. ஆயினும், பெருங்காயப் பழமொழி கூறுவது யாது? மணம் தெரியவில்லை என்பதையே அது கூறுகின்றது. பெருங்காயம் இல்லை என்று கூறவில்லை. தெரியாமை வேறு, இல்லாமை வேறு. கோலா குபுவின் மணலும் நெடுங்காலம் தெரியாமலேதான் கிடந்தது.

மலேசிய விதிகளில் மற்றொரு செய்தியும் எண்ணத்தக்கது. தொழிற்சாலைக் கழிவுநீர் பற்றி 2009ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட விதிகளின்படி, குடிநீர் எடுக்கும் இடத்திற்கு மேலே விடப்படும் கழிவுநீரில் எண்ணெயும் கொழுப்பும் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரையே இருக்கலாம். மற்ற இடங்களில் 10 வரை இருக்கலாம். குடிப்பவர் அருகில் இருந்தால் ஒன்று, இல்லையேல் பத்து, கடல் கடந்த நாடுகளின் ஆழ்கடலிலோ முப்பது! நீர்த்துப் போகும் அளவைக் கருதிய வேறுபாடு இது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால், கீழ்த்துறையில் குடம் ஏந்தி நிற்பவர் நம் கண்ணுக்குத் தெரியுந்தோறும் நம் கை கூசுகின்றது என்பதையும் இது காட்டவில்லையா?

2020ஆம் ஆண்டு செப்டம்பரில் ரவாங் வட்டாரத்துச் சுங்கை கோங் என்னும் சிற்றாற்றில் கழிவு கலந்தது. சிலாங்கூர் ஆற்றை நம்பியிருந்த நான்கு சுத்திகரிப்பு நிலையங்கள் நின்றன. பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட நீர்க் கணக்குகளுக்குரிய குழாய்கள் வறண்டன. வாளியுடன் வரிசையில் நின்ற மக்களைக் கண்டு நாடே வெகுண்டது. கடலில் வாழும் மீனுக்கு வாளியுமில்லை, வரிசையுமில்லை. வெகுள்வாரும் இலர். முறையிடும் வாய் இல்லாத இடத்தில்தான் அறம் உண்மையாகச் சோதிக்கப்படுகின்றது.

வரம்பு என்பது தண்டனை தொடங்கும் இடம். கடமை முடியும் இடமன்று. தேர்ச்சிக்குரிய மதிப்பெண்ணை மட்டும் குறியாகக் கொண்டு பாடம் நடத்தும் ஆசிரியர் விதியை மீறியவராகார். ஆனால் அவரை நல்லாசிரியர் என்று மாணவர் போற்றுவரோ? பொறியாளர்க்கும் இஃது பொருந்தும். அந்நீரைத் தூய்மை செய்து மீண்டும் நிலத்தடிக்கே செலுத்தும் முறை உண்டு. அதற்குப் பொறிகள் வேண்டும். அவற்றை இயக்க எரிபொருள் வேண்டும். அதன் புகை காற்றைக் கெடுக்கும். எனவே எல்லாக் கப்பலுக்கும் ஒரே விடை கூறவியலாது. ஆனால் ஒன்று கூறலாம். வயல் இளமையாயிருக்கும்போது வரும் சிறிதளவு நீருக்கேற்பச் சிறிய கருவிகளைப் பொருத்திவிட்டு, முதுமையில் பெருகும் நீரைப் பின்வருவோர் தலையில் சுமத்துவது அறமாகாது. பிற்காலக் கருவிக்கு இன்றே தளத்தில் இடம் ஒதுக்கி வைப்பவனே கீழ்த்துறையை நினைப்பவன்.

ஏனெனில், கடலுக்கும் கீழ்த்துறை உண்டு. ஆற்றின் கீழ்த்துறை இடத்தால் அமைவது; கடலின் கீழ்த்துறை காலத்தால் அமைவது. அங்கே நிற்போர் இன்னும் பிறவாதோர். திருவள்ளுவர் கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்தார்; அவ்வான் மழைக்கு முகந்து செல்வதும் பெரும்பாலும் கடல்நீரைத்தான். அம்மழை கோலா குபு பாருவின் மலைகளில் விழுந்து, ஆறாகி, மின்மினிகள் ஒளிரும் கோலாசிலாங்கூர்க் கரைகளைக் கடந்து மீண்டும் கடலைச் சேர்கின்றது. அவ்வூரின் மக்களுக்குப் பெயர்ந்து செல்ல ஒரு மேடு இருந்தது. கடல் கெட்டால் மனிதன் பெயர்ந்து செல்ல எந்த மேடு இருக்கின்றது?