பாடியவருக்கு உரியது

கொட்டாரம் முதலிய நாஞ்சில் நாட்டு ஊர்களின் கோயில் கொடைகளில் ஒலிக்கும் வில்லுப்பாட்டு இன்று கல்லூரிப் பாடமாகவும் விளங்குகிறது. இயேசு சபையினர் 1923இல் நிறுவிய பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரி நாட்டார் வழக்காற்றியலுக்கெனத் தனித் துறையே கண்டது. பாமரர் கலை ஆய்வுக்குரியதென ஏற்கப்பட்டது நமக்கு மகிழ்ச்சியே.

ஆயினும் ஒரு கேள்வி நம்மை உறுத்துகிறது. பாடலைப் பதிவுசெய்து ஆராய்ந்தவர் பட்டமும் பதவியும் பெறுகிறார்; வீசுகோல் பிடித்துப் பாடிய புலவர் பெறுவது என்ன? கொடைக்காலம் முடிந்தால் அவர் வேறு கூலி தேட வேண்டியவரே. காப்பகத்தில் பாட்டு வாழ, பாடுபவர் வாடினால் கலை வளர்ந்ததாகுமா?

கலைஞரை ஆசிரியராக வகுப்பறைக்கு அழைத்து உரிய ஊதியம் தருவதும், பதிவால் விளையும் வருவாயில் பங்களிப்பதும் உயர்கல்வியின் கடமை. அதனை இரக்கமாக அன்றி நீதியாகவே கேட்போம். நம் பங்குத் திருவிழாவில் புனிதர் வரலாற்றை வில்லில் பாட வருவோருக்கு அந்நீதியை முதலில் நாமே வழங்குவோம்.