உடைமையும் உடையானும்

உயிர்கள் இன்பத்தை நாடுதல் இயல்பு. அவ்வின்பம் பொருளால் வரும் என்பது உலகத்தாருட் பெரும்பாலார் துணிபு. அத்துணிபு பற்றியே ஈட்டலும் காத்தலும் பெருக்கலும் இடையறாது நிகழ்கின்றன. ஆயினும், பொருள் மிக்கவிடத்து இன்பமும் அதனோடு ஒப்ப மிகுதலைக் காண்கின்றிலேம். பண்டம் நிறைந்த மனையில் வாழ்வாரே இடமில்லை, பொழுதில்லை, அமைதியில்லை எனக் குறைகூறக் கேட்கின்றோம். இருந்த இடத்திலிருந்தே கைப்பேசி வாயிலாகப் பண்டங்களை வருவித்துக்கொள்ளும் இக்காலத்தில், வேண்டும் என்னும் எண்ணத்திற்கும் பெறுதலுக்கும் இடையே நின்று ஆராயும் பொழுதுதானும் அருகிவிட்டது. இந்நிலையிற் சலிப்புற்ற மேனாட்டார் பலர், இன்றியமையாதனவற்றை மட்டும் வைத்துக்கொண்டு ஏனையவற்றை நீக்கி வாழ்தலே இன்பவாழ்வு என்பர். அதனை ‘மினிமலிசம்’ என வழங்குவர். நம் நாட்டு நகரங்களிலும் அதனைப் பாராட்டுவார் உளர். பண்டங்களைக் குறைத்தல் இன்பம் பயக்குமா? பயக்குமாயின் எவ்வாற்றான்? இவ்வினாவைச் சித்தாந்த நெறி நின்று சிறிது ஆராய்வாம்.

முதற்கண், பண்டங்கள் பெருகுமாறு அறியத்தக்கது. பிரெஞ்சு நாட்டு அறிஞர் தெனி திதெரோ என்பார் எழுதி 1769-இல் வெளிவந்த சிறு கட்டுரையொன்று இதனை இனிது விளக்கும். அவரிடம் பழைய வீட்டங்கி ஒன்று இருந்தது. நூலிற் படிந்த தூசியை அதன் முனையால் துடைப்பார். எழுதுகோலில் மை உறைந்தால் அதனையும் அதிலே துடைப்பார். அதன் இடத்தில் செந்நிறப் புத்தங்கி ஒன்று வந்தது. வந்தபின், அதனோடு ஒப்பிட்டு நோக்குழி, அறையிலுள்ள நாற்காலி இழிந்ததாகத் தோன்றிற்று. மேசை பொருந்தாததாகத் தோன்றிற்று. சுவரில் தொங்கியனவும் பொலிவிழந்தன. ஒவ்வொன்றாக எல்லாம் மாற்றப்பட்டன. பழைய அங்கிக்குத் தலைவராயிருந்த தாம் புதியதற்கு அடிமையாயினமை கூறி அவர் வருந்துகின்றார். ஒரு பண்டம் தன்னினத்தை அழைத்துக்கொண்டே வரும் என்பதும், உடையானை உடைமை ஆளத்தொடங்கும் என்பதும் இதனாற் பெறப்படும்.

இனி, பண்டங்களைக் குறைத்து வாழ்ந்து பார்த்தார் ஒருவர் செய்தியையும் நோக்குவாம். அமெரிக்க ஐக்கிய நாட்டு மாசசூசெட்ஸ் மாநிலத்தில், கான்கார்டு என்னும் ஊரையடுத்த வால்டன் நீர்நிலைக் கரையில், ஹென்றி டேவிட் தோரோ என்பார் 1845 முதல் 1847 வரை இரண்டாண்டும் இரண்டு திங்களும் தனித்து வாழ்ந்தார். 10 அடி அகலமும் 15 அடி நீளமும் உடைய குடிலொன்றைத் தம் கையாலேயே கட்டினார். அதற்கு ஆன செலவு 28 டாலரும் 12½ சென்டும் எனக் கணக்கெழுதி வைத்தார். அவ்வரலாற்றை 1854-இல் நூலாக வெளியிட்டார். தம் மேசைமேல் அழகுக்காக மூன்று சுண்ணக்கற்களை அவர் வைத்திருந்தாராம். அவற்றை நாடோறும் தூசு துடைக்க வேண்டியிருந்தது. உள்ளத்தினுள்ளே துடைக்கவேண்டியன எல்லாம் அங்ஙனமே கிடக்க, கல்லைத் துடைத்துக்கொண்டிருப்பதா என எண்ணி, அம்மூன்றையும் பலகணி வழியே எறிந்துவிட்டார்.

ஈண்டு உய்த்துணரற்பாலது ஒன்றுண்டு. உயிரின் அறிவு சிற்றறிவு. ஒன்றனைப் பற்றி அறியுங்கால் மற்றொன்றனை விடுவது. இறைவனைப்போல எல்லாவற்றையும் ஒருங்கே அறியும் ஆற்றல் அதற்கு இல்லை. ஆகலின், நூறு பண்டம் உடையான் ஒருவன், அந்நூற்றுக்கும் தன் அறிவைக் கூறிட்டுக் கொடுத்தல் வேண்டும். வாங்கும்பொழுதும், காக்கும்பொழுதும், பழுது பார்க்கும்பொழுதும், இழந்து வருந்தும்பொழுதும் அவன் கருத்து ஆண்டே செல்லும். மேலும், உயிர் சார்ந்ததன் வண்ணமாம் இயல்பினது என்பது நம் சித்தாந்தம். அருகில் வைத்த மலரின் நிறத்தைப் பளிங்கு கொள்ளுமாறு போல, உயிர் தான் எதனை இடைவிடாது பற்றுகின்றதோ அதன் தன்மையை எய்தும். சடப்பொருள்களையே சார்ந்திருப்பானது உள்ளம் இறுகிப்போதல் இயல்பேயாம். பண்டங்களைக் குறைத்தலால் விளையும் நன்மை இதுவே: சிதறிய கருத்து ஒருவழிப்படுதற்கு இடம் உண்டாகின்றது. அவ்விடத்தில் எது வந்து அமரும் என்பது வேறு வினா.

அற்றேல், பண்டங்களே பகையாதலின் அவற்றை முற்ற ஒழித்தலே வீடுபேற்றிற்கு வழி எனின், அன்று என்க. உலகப் பொருள்களெல்லாம் மாயையின் காரியம். தனு, கரணம், புவனம், போகம் என அவற்றை உயிர்க்குக் கூட்டுபவன் இறைவனே. ஆணவ இருளில் அறிவிழந்து கிடக்கும் உயிர்க்கு, விடியுந்துணையும் உதவும் விளக்குப்போல அவை சிறிது விளக்கம் தருவன. மழையைத் தடுக்கும் கூரையும், மானங்காக்கும் உடையும், கற்கும் நூலும் அவன் அருள்வழி வந்தனவேயாம். கட்டுப்படுத்துவது பொருளன்று, அப்பொருளின்மேல் ‘எனது’ என எழும் பற்றும், அப்பற்றிற்கு வேராய் ‘யான்’ என நிற்கும் முனைப்புமே கட்டாவன. விளக்கைக் குறைகூறி உடைப்பதால் இருள் நீங்காது.

இதனால், குறைந்த உடைமையிலும் ஆணவம் நிறைந்து நிற்கக்கூடும் என்பது தெளிவாம். ஜப்பான் நாட்டுக் கமோ நோ சோமே என்பார் கியோத்தோ நகரில் 1177-இல் நிகழ்ந்த பெருந்தீயையும், பின்னர் வந்த கொடும்பஞ்சத்தையும், 1185-இல் நிகழ்ந்த நிலநடுக்கத்தையும் கண்டு, மாளிகைகளின் நிலையாமையை உணர்ந்தார். அறுபது வயதை அணுகிய காலத்தில் மலைச்சாரலில் பத்தடிச் சதுரமான சிறு குடில் அமைத்து, வழிபடு படிமமும் சில நூல்களும் இசைக்கருவிகளும் மட்டும் கொண்டு வாழ்ந்தார். 1212-இல் ‘ஹோஜோகி’ என்னும் நூலில் அவ்வாழ்வின் இனிமையை எழுதி வந்தவர், முடிவில் தம்மைத் தாமே வினவுகின்றார்: இச்சிறு குடிலை யான் இவ்வளவு விரும்புகின்றேனே, இதுவும் பற்றன்றோ? அவ்வினாவிற்கு அவர் நெஞ்சம் விடை கூறவில்லை. அவர் சமயம் நம் சமயத்தின் வேறு. எனினும் அவ்வினாவின் நேர்மை போற்றத்தக்கது. மாளிகையைத் துறந்தவன் குடிலைப் பற்றுவான். குடிலையும் துறந்தவன் ‘யான் துறந்தேன்’ என்பதனைப் பற்றுவான். தன் வெற்றறையைப் பிறர்க்குக் காட்டிப் பாராட்டுப்பெற விழையும் இக்கால எளிமையும் அவ்வகைத்தே.

இம்முடிச்சை அவிழ்த்துக் காட்டுவது அமர்நீதி நாயனார் வரலாறு. வணிகர் குலத்தினராகிய அப்பெரியார் பொன்னும் மணியும் பட்டும் துகிலும் விற்ற பெருஞ்செல்வர்; திருநல்லூரில் மடம் அமைத்து அடியார்க்கு அமுதும் கோவணமும் அளித்து வந்தார். பிரமசாரி வடிவில் வந்த பெருமான் அவரிடம் ஒரு கோவணத்தைக் காக்கத் தந்து, பின்னர் அதனை மறையச் செய்தருளினார். ஈடாக வேறொன்று கொடுக்க நாயனார் இசைந்தபோது, தம் தண்டிற் கட்டியிருந்த மற்றொரு கோவணத்தின் எடைக்கு ஒத்தது வேண்டும் என்றார் வந்தவர். துலை நாட்டப்பட்டது. ஒரு தட்டில் அச்சிறு துணி. மறுதட்டில் நாயனார் தம்மிடமிருந்த கோவணங்களை இட்டார், ஆடைகளை இட்டார், பொன்னையும் மணியையும் குவித்தார். தட்டு நேர்நிற்கவில்லை. இறுதியில் தாமும் மனைவியாரும் மைந்தரும் வலம்வந்து ஏறியபோதே துலை நேர்நின்றது.

இதனை உன்னிப் பார்த்தல் வேண்டும். ‘எனது’ என்று சொல்லத்தக்கன யாவும் தட்டில் ஏறிய பின்னும் துலை நேர்நில்லாமைக்குக் காரணம் யாது? ஏற்றுபவர் கீழே நின்றமையே என்க. எல்லாவற்றையும் கொடுத்தபின்னும், கொடுப்பவன் யான் என்பது எஞ்சும். அவ்வெஞ்சிய யானும் தட்டில் ஏறியபோது குறை தீர்ந்தது. பண்டங்களைக் குறைக்கும் முயற்சி எவ்வளவு நெடிது சென்றாலும் ‘எனது’ என்பதனளவில் நின்றுவிடும். ‘யான்’ என்பதனைத் தொடமாட்டாது. அதனைத் தீர்க்கவல்லது தன்னை இறைவனுக்கு உடைமையாக்குதலே. ‘உடையான்’ என்னும் பெயர் அவனுக்கே உரியது. நாம் அவன் உடைமை. இது தெளிந்தார்க்குத் தம் பெயரால் எண்ணிவைக்கத்தக்க உடைமை சிறிதும் இல்லை, பெரிதும் இல்லை.

அத்தெளிவுடையார் பண்டங்களோடு பழகும் முறையைத் திருநாவுக்கரசு சுவாமிகள்பாற் காண்கின்றோம். திருப்புகலூர்த் திருக்கோயில் முற்றத்தில் அவர் உழவாரம் நுழைந்த இடமெல்லாம் பொன்னும் நவமணியும் வெளிப்பட்டன. அவற்றைப் பருக்கைக் கற்களோடு ஒருசேர வாரிக் குளத்தில் எறிந்தார். ஆயினும் அவர் உழவாரத்தை எறிந்திலர். தொண்டிற்குக் கருவியாவது கையில் நின்றது. ஆகாதது குளத்திற் சென்றது. அவரே திருவீழிமிழலையில் பஞ்சம் நேர்ந்தபோது, திருஞானசம்பந்த மூர்த்தி சுவாமிகளோடு நாடோறும் இறைவன் தந்த படிக்காசை ஏற்றார். அன்றன்று அடியார்க்கு அமுதூட்டுதலில் அதனைச் செலவிட்டார். எறிதலும் ஏற்றலும் முரண்போலத் தோன்றினும் முரணல்ல. இரண்டிடத்தும் நோக்கம் தொண்டு ஒன்றேயாகலின்.

இனி ஓர் ஐயம். உண்ணவும் உடுக்கவும் இல்லாத ஏழைக்கு, குறைவே இன்பம் என்று கூறலாமோ எனின், கூறுதல் தீது. தானே விரும்பிக் குறைத்தல் வேறு. பிறர் கொடுமையாலும் காலத்தின் கேட்டாலும் குறைவுறுதல் வேறு. இளையான்குடி மாற நாயனார் வறுமையுற்ற காலத்தும், மழையிரவில் வந்த அடியார்க்கு அன்று விதைத்த நெல்லை வாரிக் கொணர்ந்து அமுது சமைத்தார் என்பது அவர் அன்பின் பெருமை. அவ்வறுமையே நன்று என்பதற்கு அது சான்றன்று. ஏழையின் முன் நின்று அளவறிதலைப் போதிப்பவன், முதலில் தன் மிகையை அவனுக்கு அளித்தல் வேண்டும். ஒருவன் மனையில் பயனின்றிக் கிடக்கும் போர்வை, குளிரில் நடுங்கும் மற்றொருவனுக்கு உரியது. ஆகவே பண்டக்குறைப்பு அறமாவது, நீங்கிய பொருள் வேண்டுவார் கையிற் சேரும்போதே. குப்பையிற் சேர்த்துவிட்டு, எளிமைக்கென்றே புதியன வாங்குதல், பழைய ஆசைக்குப் புதிய பெயர் இடுதலாம்.

இல்லறத்தார் மேற்கொள்ளத்தக்க முறை இதுவென அடியேனுக்குத் தோன்றுகின்றது. ஒரு பொருள் மனையுட் புகுமுன், அது உடம்பை அதன் கடமைக்குத் தகுதியாக்குமா, வழிபாட்டிற்கோ கல்விக்கோ விருந்திற்கோ உதவுமா என்று வினவுக. புகுந்துள்ள பொருளைப்பற்றி, நாளை இஃது இல்லையாயின் நம் பூசையும் உறக்கமும் கெடுமா என்று வினவுக. கெடும் என நெஞ்சு கூறுமாயின், அப்பொருளே முதலில் ஆராயத்தக்கது. மற்றொன்றும் மறவற்க. தன் எளிமைக்காகப் பிறர் உடைமையில் கைவைத்தல் ஆகாது. முதிய தாய் காத்துவரும் பழம்பெட்டியை, அவள் மனம் நோவ வெளியே எறிந்து வீட்டை வெறுமையாக்குவான் பற்றை விட்டவனாகான். தன் விருப்பத்தைப் பற்றியவனே ஆவான். அன்புக்கு ஊறு செய்யும் துறவு சைவநெறிக்கு உடன்பாடன்று.

ஆதலின், உடைமையைக் குறைத்தல் நன்று; அதனினும் நன்று குறைத்தமையை மறத்தல்; எல்லாவற்றினும் நன்று நம்மை உடையானை நினைத்தல். பண்டம் ஒழிந்த அறையில் அவன் நினைவு குடிபுகாதாயின், அவ்வறை வெற்றறையே. புகுமாயின், ஓரறைக் குடிலாயினும் நிறைந்த செல்வமனையாயினும் அதனுள் வாழ்வார்க்குக் குறைவு என்பது இல்லை. சிவநேயச் செல்வர்கள் இவற்றைச் சிந்தித்துத் தத்தம் மனையளவில் கைக்கொள்வார்களாக.

திருச்சிற்றம்பலம்.