நின்ற இடங்கள்

மாம்பலம் ரயில் நிலையப் படிகளில் பாதி ஏறியதும் செல்போனை எடுத்துப் பார்ப்பேன். யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். நெஞ்சில் கல்லை வைத்து அழுத்துவதுபோல் இருக்கும். இடது தாடை வரை இழுக்கும். இரண்டு நிமிடம் நின்றால் போய்விடும். கூட வரும் மனைவிக்குத் தெரியக் கூடாதே என்றுதான் அந்த செல்போன். இப்படியே இரண்டு வருஷம். மொட்டை மாடிக்குப் போவது நின்றது, மார்க்கெட் நின்றது, பேத்தியைத் தூக்குவது நின்றது. ஒவ்வொன்றுக்கும் ஒரு சாக்கு வைத்திருந்தேன். வலியைவிட அந்தச் சாக்குகள்தான் என் வாழ்க்கையைச் சுருக்கின என்று இப்போது நினைக்கிறேன்.

ஆஞ்சியோவில் மூன்று அடைப்பு. "பைபாஸ்தான்" என்றார் டாக்டர். எனக்கு அப்பா ஞாபகம் வந்தது. 1973-இல் நெஞ்சு வலிக்கிறது என்று திண்ணையில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே.எம். செரியன் இந்தியாவின் முதல் பைபாஸைச் செய்தது 1975-இல். இரண்டே வருஷம். கையெழுத்துப் போடும்போது அதுதான் மனசில் ஓடியது.

அறுத்த மார்பெலும்பைக் கம்பி போட்டுக் கட்டியிருந்தார்கள். இருமல் வந்தால் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டுதான் இரும வேண்டும். மூச்சை இழுத்து மூன்று பந்துகளை மேலே ஏற்றும் பயிற்சியில் முதல் நாள் ஒரு பந்துகூட அசையவில்லை. அதையெல்லாம் முன்பே சொல்லியிருந்தார்கள். சொல்லாமல் விட்டது அழுகையை. வீட்டுக்கு வந்த இரண்டாம் வாரம், ரசம் சாதம் பிசைந்து வைத்த தட்டைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது. இந்த ஆபரேஷனுக்குப் பிறகு பலருக்கும் மனச்சோர்வு வருமாம். தையலைப் பற்றிச் சொல்கிறவர்கள் இதையும் சொல்லத்தான் வேண்டும்.

"வலிக்குதா?" என்றாள் மனைவி.

"இல்ல. பயமா இருக்கு."

நாற்பது வருஷத்தில் அந்த வார்த்தையை அவளிடம் நான் சொன்னதில்லை. "எனக்கும்தாங்க" என்று பக்கத்தில் உட்கார்ந்தாள். அன்றைக்கு ரொம்ப நேரம் பேசினோம்.

எட்டு மாதம் ஆகிறது. ஆஸ்பிரினும் கொழுப்பு மாத்திரையும் ஆயுசுக்கும் உண்டு. நடு மார்புத் தழும்பு மழை நாளில் அரிக்கும். காலையில் ஐந்து மணிக்கு எழுந்து நடக்கிறேன், பேத்தியைத் தூக்குகிறேன்.

போன வாரம் மாம்பலம் படிகளை நிற்காமல் ஏறினேன். மேலே போய்த் திரும்பிப் பார்த்தால் அவளைக் காணோம். பாதிப் படியில், ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி, கைப்பையைத் திறந்து எதையோ தேடிக்கொண்டிருந்தாள். எத்தனை நாளாக அவளுக்கு இந்த முழங்கால் வலி என்று எனக்குத் தெரியவில்லை. இறங்கிப் போய்ப் பையை வாங்கிக்கொண்டேன்.