செத்த மீனும் சிந்தித்ததோ?

சிலையின் முன் கைகட்டி நிற்பவனிடம், “இது கல்லன்றோ?” என்று கேட்கத் துணிந்தோம். சாத்திரம் ஓதுபவனிடம், “சான்று எங்கே?” என்று கேட்கத் துணிந்தோம். ஆனால், விஞ்ஞானத்தின் பெயரால் ஒரு வண்ணப் படம் நம்முன் வைக்கப்படும்போது, அதே கேள்வியைக் கேட்கின்றோமா? கேட்கவில்லையெனில், நாம் பகுத்தறிவாளரா, அன்றிப் பக்தி செலுத்தும் இடத்தை மட்டும் மாற்றிக்கொண்டவரா?

மூளையின் இயக்கத்தைக் காட்டும் எம்.ஆர்.ஐ. படத்தை எண்ணிப் பாருங்கள். அது நிழற்படமன்று, கணக்கின் விடை. மூளையில் ஒரு பகுதி முனைந்து உழைக்கும்போது, உயிர்வளி நிறைந்த குருதி அங்கே மிகுதியாகப் பாய்கிறது. அந்த மாறுதலையே கருவி பதிவு செய்கிறது. பின்னர் மூளையைப் பல்லாயிரம் சிறு கட்டங்களாகப் பகுத்து, ஒவ்வொன்றையும் சோதித்து, மாறுதல் கண்ட கட்டத்துக்குக் கணிப்பொறி வண்ணம் தீட்டுகிறது. இங்கேதான் ஆராய்ச்சியாளர், கணக்கறிந்தவரின் துணையை நாடுகிறார்.

நூற்றுக்கு ஐந்து பிழையை ஏற்றுக்கொண்டு சோதித்தால், எதுவுமே நிகழாத ஆயிரம் கட்டங்களில் ஏறத்தாழ ஐம்பது, “நிகழ்ந்தது” என்று பொய்ச்சாட்சி கூறும்! 2009-இல் அமெரிக்க ஆய்வாளர் கிரெய்க் பென்னெட்டும் அவர்தம் குழுவினரும் இதை வெட்டவெளிச்சமாக்கினர். செத்த சால்மன் மீனொன்றைக் கருவிக்குள் கிடத்தினர், மனிதரின் படங்களைக் காட்டினர், “இவர்தம் உணர்ச்சி யாது?” என்று வினவினர். செத்த மீனின் மூளையில் வண்ணம் பூத்தது! பல சோதனைகளுக்குரிய திருத்தத்தைக் கணக்கில் சேர்த்ததும், பூத்த வண்ணம் மறைந்தது.

2016-இல் ஆண்டர்ஸ் எக்லுண்ட் குழுவினர், நலமுள்ள 499 பேரின் பதிவுகளைக் கொண்டு, பெரிதும் வழங்கிவந்த மூன்று மென்பொருள்களைச் சோதித்தனர். நூற்றுக்கு ஐந்தாக இருக்கவேண்டிய பொய்முடிவு, சில முறைகளில் எழுபது வரை ஏறிற்று. 2020-இல் வெளியான ஆய்வொன்றில், ஒரே பதிவு 70 குழுக்களிடம் தரப்பட்டது. எந்த இரு குழுவும் ஒரே வழியில் கணக்கிடவில்லை. பல கேள்விகளுக்கு விடைகளும் வேறுபட்டன.

அங்ஙனமாயின், துணைக்கு வந்தவரின் கடமை யாது? ஆண்டுக்கணக்கில் உழைத்த ஆராய்ச்சியாளர், “ஏதேனும் ஒன்று தெரியாதா?” என்று ஏங்குவார். முறையை மாற்றி மாற்றிப் போட்டால், ஏதேனும் ஒன்று தெரியத்தான் செய்யும். அதைக் கொடுப்பது உதவியா? கேட்பவர் மனம் குளிரப் பலன் சொல்வது சோதிடன் தொழிலன்றோ! கணக்கிடும் வழியை முன்னரே வகுத்துக்கொள்வதும், பதிவையும் முறையையும் பிறர் சோதிக்கத் திறந்து வைப்பதும், ஒன்றும் தெரியாவிடில் “இல்லை” என்று உரைப்பதுமே உண்மைத் துணை. நட்பு கெடும், நற்பெயர் தாமதமாகும் என்று அஞ்சி அவர் வாய்மூடினால், அந்தப் பொய்யின்மேல் அடுத்தவர் ஆராய்ச்சியும், நாளை நோயாளியின் நம்பிக்கையும் எழுப்பப்படும்.

“பார்த்தீர்களா, விஞ்ஞானமும் மூடநம்பிக்கையே!” என்று பழமைவாதிகள் கைகொட்டக்கூடும். அவர்களைக் கேட்கின்றோம்: செத்த மீனைக் கருவிக்குள் கிடத்தியவர் யார்? விஞ்ஞானிகளே அல்லரோ! தன் பிழையைத் தானே தேடிச் சென்று ஊரறியக் கூறிய வேதம் ஏதேனும் உண்டா?

தோழர்களே! “அன்பு இங்கே இருக்கிறது, அச்சம் அங்கே இருக்கிறது” என்று மூளைப் படத்தை ஏடுகள் அச்சிடும்போது வியந்து நின்றுவிடாதீர்கள். எத்தனை சோதனைகள் நடந்தன, திருத்தம் செய்தனரா, பதிவு பிறர் பார்வைக்கு உண்டா என்று கேளுங்கள். கல்லின் முன் கேட்கக் கற்ற நாம், கணிப்பொறியின் முன்னும் கேட்போம்.