வழிப்போக்கன் கடன்

ஓர் ஊருக்குச் செல்லும் வழிப்போக்கன் அவ்வூருக்கு ஏதேனும் கடன்பட்டவனா? தங்கிய விடுதிக்கு வாடகை கொடுக்கிறான்; உண்ட உணவுக்கு விலை கொடுக்கிறான்; ஏறிய பேருந்துக்குக் கட்டணம் செலுத்துகிறான். இவற்றோடு கணக்குத் தீர்ந்துவிட்டது என்றே நம்மில் பெரும்பாலோர் கருதுகிறோம். ஆனால் ஆற்றங்கரையில் ஒரு மாலைப்பொழுது அமர்ந்து, மனம் ஆறி எழுந்து வருகிறோமே, அந்த ஆறுதலுக்கு எவரிடம் விலை கொடுத்தோம்? விலை கொடாமல் பெற்றது கொடையா, கடனா? கேள்வி சிறியதுபோல் தோன்றினும், பிறந்த மண் ஒன்றும் பிழைக்கும் மண் ஒன்றுமாக வாழும் நம் போன்ற குடும்பங்களுக்கு இது மிக நெருங்கிய கேள்வியாகும்.

நம் முன்னோர் விருந்தோம்பலைப் பேரறமாகப் போற்றினர். வள்ளுவப் பெருந்தகை அதற்கெனத் தனி அதிகாரமே வகுத்தார். ஆயின் அவ்வதிகாரத்துள் கூறப்படும் கடமைகள் யாவும் இல்லத்தானுக்கு உரியவை. விருந்தாக வந்தவன் என்ன செய்யவேண்டும் என்பதற்குத் தனி அதிகாரம் இல்லை. அதனால் வந்தவனுக்குக் கடமையே இல்லை என்று கொள்ளலாமா? கொள்ளலாகாது. விருந்தோம்பலை அடுத்து ஓர் அதிகாரம் தள்ளி, 'செய்ந்நன்றி அறிதல்' வந்து நிற்கிறது. அத்தலைப்பை ஊன்றி நோக்குதல் வேண்டும். நன்றி கூறுதல் என்று அவர் பெயரிடவில்லை, அறிதல் என்றார். பெற்றதை அறிவதே நன்றியின் முதற்படி. என்ன பெற்றோம், எங்கிருந்து பெற்றோம், அதற்காக யார் எதை இழந்தார் என்று அறியாதவன் வாயால் ஆயிரம் முறை நன்றி கூறினாலும் அது வெறும் ஒலியே.

இத்தாலி நாட்டின் வடபகுதியில், வெரோனா நகருக்கு அருகே, போர்கெத்தோ என்றொரு சிற்றூர் உண்டு. கார்தா ஏரியிலிருந்து புறப்படும் மின்ச்சோ என்னும் ஆறு அதன் நடுவே ஓடுகிறது. பழைய நீராலைகளின் சக்கரங்களும், கல்வீடுகளும், சலசலக்கும் நீரோட்டமும் கொண்ட அவ்வூரின் அமைதியை நாடிப் பல நாட்டு மக்கள் செல்கின்றனர். அவ்வூரின் தலைமாட்டில் நெடிய கற்பாலம் ஒன்று நிற்கிறது. 1393ஆம் ஆண்டில் மிலான் நகரை ஆண்ட ஜியான் கலியாத்சோ விஸ்கோந்தி என்பவன் எழுப்பிய கோட்டைப் பாலமும் அணையுமாகும் அது. ஆற்றின் கீழ்ப்புறத்தே நீர்சூழ இருந்த மாந்தோவா நகரின் பாதுகாப்பைக் குலைப்பதற்காக ஆற்றையே தடுத்துத் திருப்ப அவன் எண்ணினான் என்பர். இன்று அமைதியின் இருப்பிடமாகப் படம் பிடிக்கப்படுவது, அன்று ஓர் ஊரை நீரற்றதாக்க எழுந்த கட்டடம்! அமைதி என்பது ஓர் ஊரோடு உடன்பிறந்த குணமன்று. வரலாறு ஓய்ந்தபின் எஞ்சி நிற்பது அது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

அதே வட்டாரத்தில் உள்ள வெனிசு நகரம் வேறொரு வழியைக் கைக்கொண்டது. வந்து பார்த்துவிட்டு அன்றே திரும்பும் பயணிகளிடம் குறிப்பிட்ட நாள்களில் தலைக்கு 5 யூரோ நுழைவுக் கட்டணம் வாங்கும் முறையை 2024 ஏப்பிரல் 25ஆம் நாள் தொடங்கியது. கூட்டத்தால் நசுங்கும் நகரம் தன்னைக் காத்துக்கொள்ள முயல்வதில் குறை காண்பதற்கில்லை. ஆனால் கட்டணம் செலுத்தியவன் 'நான் தீர்த்துவிட்டேன்' என்று எண்ணத் தொடங்குவானாயின், பணம் அவனை அறிவதினின்றும் விடுவித்துவிடுகிறது. நன்றியை நுழைவுச்சீட்டாக மாற்ற இயலாது.

இத்தாலிக்குச் செல்ல நம்மில் எத்தனை பேருக்கு வாய்க்கும்? வாய்க்கவேண்டும் என்பதும் இல்லை. தங்கவயலிலிருந்து ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தொலைவில் பேத்தமங்களா இருக்கிறது. பாலாற்றின் கரையில் அமைந்த ஊர். ஆற்றையே தேக்கி நிறுத்திய பேரேரியை உடைய ஊர். நீர் நிறைந்த காலத்தில் அதன் கரைமீது நின்றால் காற்றும் நீரும் தவிர வேறோசை பெரிதாய்க் கேளாது. கன்னடமும் தெலுங்கும் தமிழும் கலந்து பேசும் எளிய மக்கள். விடுமுறை நாளில் கட்டுச்சோறு எடுத்துக்கொண்டு அங்குச் சென்றுவராத தங்கவயல் குடும்பம் அரிதாகவே இருக்கும். 'எவ்வளவு அமைதியான ஊர்!' என்று சொல்லித் திரும்புகிறோம். அந்த அமைதி எங்கிருந்து வந்தது?

பேத்தமங்களா என்றும் இப்படி ஒதுங்கிக் கிடந்த ஊரன்று. விசயாதித்தமங்கலம் என்பது அதன் பழம்பெயர். வாணரும் நுளம்பரும் ஆண்ட நாட்டில் அது சிறந்து விளங்கிற்று. 10ஆம் நூற்றாண்டில் இறிவ நுளம்பன் என்னும் மன்னன் அவ்வூர் ஏரியைச் செப்பனிட்ட செய்தியைக் கல்வெட்டு கூறுகிறது. செப்பனிட்டான் என்றால் ஏரி அதற்கும் முற்பட்டது என்பது தெளிவு. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக எவர் எவரோ மண் சுமந்து, கல் அடுக்கி, உடைப்பை அடைத்துக் காத்த நீர் அது. பின்னாளில் வட்டத் தலைமையிடமாகவும் அவ்வூர் இருந்தது. 1864இல் சோலார்ப்பேட்டையிலிருந்து பெங்களூருக்கு இருப்புப்பாதை வந்தது. பாதை பேத்தமங்களாவைத் தொடாமல், இன்று பங்காருப்பேட்டை என வழங்கும் பௌரிங்பேட்டை வழியே சென்றது. வணிகமும் அலுவலகங்களும் புகைவண்டியைப் பின்தொடர்ந்தன. ஊர் அமைதியாயிற்று! நாம் புகழும் அமைதியில் ஒரு பாதி, அவ்வூர் மக்கள் இழந்த சந்தையின் மௌனமாகும்.

மறுபாதியோ அவ்வூர் கொடுத்த கொடையைச் சார்ந்தது. 1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் குழுமத்தார் தங்கவயலில் கால்வைத்தபின், வறண்ட பாறை நிலத்தில் ஒரு நகரம் எழுந்தது. மண்ணுக்குள் 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் வரை மனிதன் இறங்கினான். 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. பொன்னும் மின்சாரமும் வரலாற்று நூல்களில் இடம்பெற்றன. ஆனால் பொன்னை உண்ண இயலாது. மின்சாரத்தைக் குடிக்க இயலாது. பேத்தமங்களா ஏரியின் நீர் வடிகட்டப்பெற்றுக் குழாய்வழியே மேட்டில் ஏற்றப்பட்டுத் தங்கவயலுக்கு வந்தது. சுரங்கத்திலிருந்து புழுதியோடு ஏறிவந்த தொழிலாளி முகம் கழுவியது அந்நீரில். லைன் வீடுகளின் முன் குடத்தோடு வரிசை நின்ற தாய்மார் காத்திருந்தது அந்நீருக்காக. 2001ஆம் ஆண்டு பிப்பிரவரி 28ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டபோது, எடுத்த பொன்னின் கணக்கைப் பலரும் எழுதினர். குடித்த நீரின் கணக்கை யார் எழுதினார்?

இங்கே நம் இனத்தார்க்கு ஒரு தனிக் கணக்கு உண்டு. தங்கவயலுக்கு வந்த தமிழ்த் தொழிலாளருள் பெரும்பகுதியினர் வட ஆர்க்காட்டுப் பக்கத்தினர். வாணியம்பாடி, ஆம்பூர், குடியாத்தம், வேலூர் எனப் பாலாறு பாயும் நிலப்பரப்பிலிருந்து புறப்பட்டவர் பலர். பாலாறு 348 கிலோமீட்டர் நீளமுடையது. கருநாடகத்தில் 93, ஆந்திரத்தில் 33, தமிழகத்தில் 222 கிலோமீட்டர் ஓடிக் கடலை அடைகிறது. ஆற்றின் கீழ்க்கரையில் வாழ வழியற்றவர்கள் அதன் மேற்கரைக்கு ஏறிவந்து, அதே ஆற்றின் நீரைக் குடித்து உயிர் வாழ்ந்தனர். அன்னிய மண்ணுக்கு வந்தோம் என்று அவர்கள் வருந்தியிருக்கலாம். ஆறு அவர்களை அன்னியராகக் கருதவில்லை.

ஆனால் அறச்சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. மேலே தேங்கும் நீரின் அமைதி, கீழே மணலாகக் கிடக்கும் ஆற்றின் அமைதி. இரண்டும் ஒன்றா? 1892ஆம் ஆண்டில் மைசூர் அரசும் சென்னை மாகாண அரசும் ஆற்றுநீர் பற்றிச் செய்துகொண்ட உடன்பாட்டில் பாலாறும் இடம்பெற்றது. மேலிருப்போன் தேக்கினால் கீழிருப்போன் வாடுவான் என்ற அச்சம் அன்றே இருந்தது. அதற்காகப் பேத்தமங்களா மக்களைக் குற்றவாளியாக்குதல் நேர்மையாகாது. ஏரி கட்டி மழையைக் காப்பது இந்நிலத்தின் பழைய அறம். கீழ்ப்பாலாறு கெட்டதற்கு மணற்கொள்ளையும், தோல் பதனிடும் ஆலைகளின் கழிவும் பெருங்காரணங்கள். அக்கழிவு பற்றி 1996இல் உச்சநீதிமன்றமே கடுமையாகத் தீர்ப்புக் கூறியது. எனினும் தாத்தாவின் ஊர் கீழ்க்கரையிலும் தன் வீடு மேற்கரையிலும் உள்ள தங்கவயல் தமிழன், 'நான் எந்தப் பக்கம்?' என்ற கேள்வியினின்று தப்ப இயலாது. ஒரு பக்கத்துக்காக மட்டும் பேச அவனுக்கு உரிமை இல்லை. இரு கரையின் தாகத்தையும் அறிந்தவன் என்ற பொறுப்பு அவனுக்கு உண்டு.

அப்படியாயின் இவ்வூர் நமக்கு வந்து தங்கிய இடமா, சொந்த ஊரா? நடுவண் அரசு ஊழியனாகிய என் போன்றோர்க்கு இக்கேள்வி ஒரு படிவமாகவே வந்து நிற்கும். விடுமுறைப் பயணச் சலுகை பெறவேண்டுமானால் 'சொந்த ஊர்' எது என்று பணிப்பதிவேட்டில் அறிவிக்கவேண்டும். ஒருமுறை அறிவித்ததைப் பணிக்காலம் முழுவதிலும் ஒரே ஒருமுறைதான், அதுவும் தக்க காரணம் இருந்தால்தான், மாற்ற முடியும். சொந்த ஊரைத் துணிவதற்குச் சில அளவுகோல்களையும் அரசு வகுத்திருக்கிறது. அங்கு வீடு உண்டா, நெருங்கிய உறவினர் உளரா, பணிக்கு வருமுன் சில ஆண்டுகள் அங்கு வாழ்ந்தாரா என்பன அவற்றுள் உள்ளன. ஆனால் முதலாவதாக நிற்பது வேறு: குடும்பக் கடமைகளையும் சமூகக் கடமைகளையும் நிறைவேற்ற இடையிடையே நீ நேரில் வந்தாகவேண்டிய ஊரா அது? அலுவலக விதிகளில் மெய்யியல் தேடுவாரில்லை. எனினும் இவ்வொரு வரியில் ஆழ்ந்த உண்மை பொதிந்திருக்கிறது. பட்டா இருக்கும் இடமும் பிறந்த இடமும் பின்னுக்குச் செல்ல, கடமை இருக்கும் இடம் முன்னே வருகிறது.

இதனை ஏற்றால் வழிப்போக்கனுக்கும் ஊர்க்காரனுக்கும் உள்ள வேறுபாடு ஆண்டுக் கணக்கால் வருவதன்று என்பது விளங்கும். நூறாண்டு ஒரு நீரைக் குடித்தும், அது எங்கிருந்து வருகிறது என்று கேளாதவன் வழிப்போக்கனே. ஒரே நாள் வந்து தங்கியும், கேட்டு அறிந்து, தன்னால் இயன்றதைச் செய்து செல்பவன் ஒருவகையில் ஊர்க்காரனே.

'ஓய்வுக்காகப் போகும் இடத்திலும் இத்தனை சுமையா? ஆறு நாள் உழைத்துக் களைத்தவன் ஏழாம் நாள் ஏரிக்கரையில் அமரும்போது வரலாற்றையும் வழக்குகளையும் நினைத்து வருந்தவேண்டுமா?' என்று சிலர் வினவலாம். நியாயமான கேள்விதான். விடியுமுன் எழுந்து மாரிக்குப்பம் வண்டியில் பெங்களூருக்குச் சென்று இரவில் வீடு திரும்பும் நம் பிள்ளைகளுக்கு ஓய்வு தேவை. அதை எவரும் மறுக்கவில்லை. ஆனால் அறிதல் வருத்தமாகத்தான் முடியவேண்டும் என்பதில்லை. தாய் சமைத்த சோற்றில் அவள் பட்ட பாட்டை அறிந்து உண்பவனுக்குச் சோறு கசப்பதில்லை. அவன் தட்டில் சோற்றை எறிவதில்லை, அவ்வளவே. அதுபோல், ஆயிரம் ஆண்டுக் கைகள் காத்த கரை என்று அறிந்து நிற்பவன் அங்கே குப்பையை வீசமாட்டான். அறிவு அவன் இன்பத்தைக் குறைக்காது; கையைத் திருத்தும்.

இக்கடன் ஒருவழியானதும் அன்று. 2018 முதல் பெங்களூர்க் கழிவுநீரைத் தூய்மை செய்து கோலார் மாவட்ட ஏரிகள் பலவற்றுக்கு அனுப்பும் திட்டம் நடைபெற்று வருகிறது. பெருநகரில் பிழைக்கச் சென்ற நம் பிள்ளைகள் அங்கே கைகழுவிய நீரும் அதில் ஒரு துளியாகச் சேர்ந்து, அவர்கள் பிறந்த மாவட்டத்தின் ஏரியில் வந்து தங்கக்கூடும். 2021 நவம்பரில் மேல்நிலத்திலும் பெருமழை பெய்து, வேலூர்ப் பகுதியில் பாலாறு கரைபுரண்டதை நாம் மறந்திருக்கமாட்டோம். மணலாகவே ஆற்றைக் கண்டு வளர்ந்த சிறுவர் பலர் அன்றுதான் அதை நீராகக் கண்டிருப்பர். மேலே நடப்பது கீழே சேரும் என்பதை ஆறு இருவழியாகவும் கற்பித்துவிட்டது, வறட்சியாலும் வெள்ளத்தாலும்.

நம் சங்க மேடைகளில் கணியன் பூங்குன்றனாரின் பாட்டு ஒலிக்காத விழா இல்லை. எல்லா ஊரையும் நம் ஊராகக் கொள்ளும் அதன் முதற்கருத்தைப் பெருமையோடு சொல்கிறோம். புறநானூற்றின் 192ஆவதாக நிற்கும் அப்பாட்டின் பின்பகுதியில், ஆற்றின் போக்கில் செல்லும் புணை ஒன்று உவமையாக வருவதை நாம் அத்துணை நினைப்பதில்லை. எல்லா ஊரும் நம் ஊர் என்பது உரிமைக்குரல் மட்டுமாயின், அது செல்லுமிடமெல்லாம் பந்தியில் அமரும் பசியாகிவிடும். எல்லா ஊரின் கடனும் நம் கடன் என்ற பொருளும் அதனுள் இருக்கும்போதே அது அறமாகிறது.

ஆகவே, அடுத்த விடுமுறையில் பேத்தமங்களாவுக்குக் குழந்தைகளை அழைத்துச் செல்லும் பெற்றோர், கட்டுச்சோற்றோடு ஒரு செய்தியையும் எடுத்துச் செல்வார்களாக. 'உன் பாட்டனார் குடித்த நீர் இது. உன் பூட்டனார் ஊருக்குப் போகவேண்டிய நீரும் இதுவே. இந்த ஊர்க்காரர் காத்த நீர் இது' என்று சொல்லிக் காட்டுவார்களாக. அவ்வூர்ப் பெரியவர் ஒருவரிடம் ஏரியைப் பற்றி ஒரு கேள்வி கேட்கச் செய்வார்களாக. வழிப்போக்கன் செலுத்தக்கூடிய முதல் தவணை அதுவே. முழுக் கடனையும் தீர்த்துவிட இயலுமா என்றால், இயலாது. சில கடன்கள் தீர்ப்பதற்காக ஏற்பட்டவை அல்ல. அவை நம்மை ஓர் ஊரோடு பிணைத்து வைப்பதற்காகவே ஏற்பட்டவை.