தீர்த்தமும் கழிவும்

கோயம்புத்தூரை அடுத்த பேரூர்ப் பட்டீசுவரர் கோயிலுக்கருகே நொய்யற் படித்துறையில் மூழ்கி எழுந்தால் பாவம் நீங்குமென்று தலைமுறை தலைமுறையாக நம்பிவரும் நாம், அந்நதியிலேயே ஊர்க் கழிவு கலப்பதை எவ்வாறு மனம் கூசாமல் சகித்துக்கொள்கிறோம் என்ற வினா, பொறியாளருக்குரியதன்று. சமயவாதிகள் விடை கூறவேண்டிய வினா அது.

விக்டோரியா மகாராணியின் காலத்தில், 1866-இல், கோயம்புத்தூர் நகராட்சியாயிற்று. அதற்கு முன்னரே, 1854-இல், லண்டனில் ஜான் ஸ்னோ என்ற மருத்துவர், ஒரு தெருவின் அடிகுழாய் நீரே காலராவைப் பரப்பிற்று என்று காட்டியிருந்தார். அதே ஆண்டில் பிறந்தவர்தாம் சே. ப. நரசிம்மலு நாயுடு. பத்திரிகாசிரியரும் பிரம்ம சமாஜப் பற்றாளருமான அவர், முத்திக்குளம் அருவியையுடைய சிறுவாணி மலைநீரை நகருக்குக் கொணர வேண்டுமென்று வாதாடினார். 1922-இல் அவர் காலமான பிறகே அந்த ஜலம் வந்து சேர்ந்தது. அந்தச் சமாஜத்தின் வழியில் உருவமற்ற ஒரே பரம்பொருளைத் தியானித்த ஒருவர் குடிநீருக்காக மலையேறியதை நான் தற்செயலாகக் கருதவில்லை. எல்லா உயிரிலும் உறைபவன் ஒருவனே என்று மெய்யாக நம்பியவருக்கு, பிறருடைய தாகமும் காய்ச்சலும் வழிபாட்டுக்குப் புறம்பான விஷயங்களாக இருந்திருக்க முடியாது.

இடையே பிளேக் வந்து ஊரைச் சூறையாடியபோது மக்கள் பிளேக் மாரியம்மனுக்குக் கோயில் எழுப்பினார்கள். அதை மூடநம்பிக்கையென்று தள்ள எனக்கு மனமில்லை. மரண பயத்தில் தாயை அழைப்பது மனித சுபாவம். ஆனால் அம்மனிடம் க்ஷேமம் வேண்டிய அதே ஊர், எடுப்புக் கக்கூஸின் மலத்தைக் கையால் வாரித் தலையில் சுமந்து அகற்றியவர்களை, கொங்கு நாட்டில் பெரும்பாலும் அருந்ததியர்களை, கோயிலுக்குள் விடவில்லை. பொதுக் கிணற்றையும் தொட விடவில்லை. எவர் உழைப்பால் ஊர் சுத்தமாயிற்றோ அவரையே அசுத்தர் என்று விலக்கிய ஆசாரம், ஆத்ம சுத்தியைப் பற்றிப் பேச என்ன அருகதை உடையது?

இந்த விலக்கைத் தளர்த்தக் குழாய் நீர் ஓரளவு உதவிற்று. ஜாதிக்கொரு கிணறென்று பிரித்ததைப்போல ஒரே மலையிலிருந்து ஒரே குழாயில் வரும் நீரைப் பிரித்துவிட எளிதில் இயலவில்லை. கழிவின் கதையோ வேறு. கையால் மலம் அள்ளுவதை 1993-ஆம் ஆண்டுச் சட்டமும், அதனினும் விரிவான 2013-ஆம் ஆண்டுச் சட்டமும் தடுத்த பின்னரும், சாக்கடைக் குழிக்குள் மனிதர் இறங்கி விஷவாயுவால் மடிவது நம் நாட்டில் நின்றபாடில்லை. கும்பாபிஷேகத்துக்குப் புண்ணிய நதிகளின் தீர்த்தத்தைக் குடங்களில் கொணரும் பக்தர்கள், தம் ஊர்ச் சாக்கடைக்கு ஓர் இயந்திரம் வாங்கக் காணிக்கை திரட்டுவார்களாயின், அதையும் திருப்பணிக் கணக்கிலேயே எழுதலாம் என்பது என் துணிபு.